எழுத்தும் உருவும்

(பழைய மாணவர் ஒருவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், கலேவெல)

இரு சொற்கள் தம்முட் புணருங்கால் நிகழும் மாற்றங்களை இயல்பென்றும் விகாரமென்றும் பகுத்த இலக்கண நூலார், விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படுத்தினர். இவ்விதிகளை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பித்து வரும் யாம், அவை சொற்களுக்கு மாத்திரமே உரியன என எண்ணியிருந்தோம். பழைய மென்பொருளொன்றைப் பின்வந்த கணினியொன்றிற் புணர்த்தப் புகுந்து, கெடுதல் என்பதன் முழுப்பொருளையும் ஒரே மாலைப்பொழுதில் உணர்ந்துகொண்டோம். அவ்வனுபவத்தை விழா மலரில் எழுதுதல் தகுமோ என முதலில் ஐயுற்றோம். எழுதவேண்டிய கடப்பாடொன்று உண்டென்பதை இக்கட்டுரையை இறுதிவரை வாசிப்போர் அறிவர்.

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியே திருகோணமலை செல்லும் ஏ6 நெடுஞ்சாலையில், தம்புள்ளைக்கு இப்பால் அமைந்த சிறு நகரம் கலேவெல. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் மாத்தளையின் மலைக்குளிர் இங்கில்லை. வெயிலும், குளத்து நீரை நம்பிய வயலும், வெங்காயமும் மரக்கறியும் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்கு விரையும் லொறிகளுமே இவ்வூரின் அன்றாடக் காட்சிகள். இப்பகுதியிலே தமிழ்மொழி மூலப் பாடசாலையொன்றில் யாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கற்கும் பாடசாலை அது. அதன் நூலக அறையில் ஒரு கணினி உண்டு. வின்டோஸ் 7 எனும் பணிசெயல் முறைமையில் இயங்குவது. 2009 இல் வெளிவந்த அம்முறைமைக்கு வழங்கிய ஆதரவை 2020 சனவரி 14 ஆம் நாளோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. ஆயினும் சிறு பாடசாலைகளில் மனிதரைப்போலவே இயந்திரங்களும் இளைப்பாறும் வயது கடந்தும் உழைக்க வேண்டியுள்ளன. இணையத்தோடு தொடுக்காமல், எழுதுவதற்கும் புள்ளிப் பதிவுகளை வைப்பதற்குமே அதனைப் பயன்படுத்தி வந்தோம்.

நம் கல்லூரியின் விழா மலருக்குப் பழைய நினைவுகளைத் திரட்டித் தருமாறு சங்கத்தார் கேட்டிருந்தனர். அச்செய்தி அறிந்து, எமக்கு உயர்தர வகுப்பிலே தமிழ் கற்பித்து அண்மைக் காலத்தில் அமரரான ஆசிரியப் பெருமகனாரின் மைந்தர், இரண்டு இறுவட்டுக்களைப் பொதிசெய்து அனுப்பி வைத்தார். ஐயா இளைப்பாறிய பின்னர், அறுபது வயதைக் கடந்த நிலையிலே கணினி பயின்று, 2003 ஆம் ஆண்டில் தம் கல்லூரி நினைவுகளைத் தாமே தட்டெழுதி வைத்தார் என்பதும், அதனை ஒருவரும் இதுவரை வாசித்ததில்லை என்பதும் உடனிருந்த கடிதத்தாற் புலனாயின. ஓர் இறுவட்டில் நினைவுக் குறிப்பு. மற்றையதில் அவர் தமிழ் தட்டெழுதப் பயன்படுத்திய மென்பொருள்.

ஐயாவுக்குத் தட்டெழுத்துப் புதிதன்று. கல்லூரியிலே தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தாமே தட்டச்சிற் பொறிப்பார். தமிழுக்குத் தட்டச்சுப் பொறியமைத்த ஆர். முத்தையா, 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்று வாழ்ந்தவர் என்பதையும், இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களைச் சில பத்துச் சாவிகளுக்குள் அடக்கிய அவர்தம் நுட்பத்தையும் வகுப்பிற் பன்முறை எடுத்துரைப்பார். ஆதலால் அவர் கணினியை நாடியது எமக்கு வியப்பன்று. அவர் எழுதியதை வாசிக்கும் வேட்கையே மிகுந்தது.

முதலாந் தவணை விடுமுறை தொடங்கிய நாளின் மாலையிலே அந்த இறுவட்டைக் கணினியில் இட்டோம். மிகுந்த தயக்கத்தோடு அது சுழன்றது. அதிலிருந்த ஒரே கோப்பை வன்தட்டுக்குப் பெயர்த்துத் திறந்தோம். திரையிலே தமிழ் ஓர் எழுத்தேனும் இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றி வரிவரியாக நின்றன. இடையிடையே ஆண்டுகளைக் குறிக்கும் எண்கள் மாத்திரமே நேராகத் தோன்றின. 1998 எனும் எண்ணை ஓரிடத்திற் கண்டோம். அவ்வாண்டிற்றான் யாம் உயர்தர வகுப்பிற் பயின்றோம்.

இத்தோற்றத்திற்குக் காரணம் இதுவாகும். கணினியின் உள்ளே எழுத்து என ஒன்றில்லை. எழுத்துக்குரிய எண்ணே உண்டு. அவ்வெண்ணுக்கு வடிவங் கொடுத்துத் திரையிற் காட்டுவது எழுத்துரு. தமிழுக்கெனத் தனி எண்கள் பரவலாக வழக்கில் வாராத காலத்திலே, ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தினர். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு அவ்வகையைச் சேர்ந்தது. அதிலே 'தமிழ்' எனும் சொல், ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகப் பதியும். பாமினி உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குவியல்.

இவ்வுண்மையை யாம் அன்று அறிந்திலோம். 'எந்த மென்பொருளால் எழுதப்பட்டதோ அந்த மென்பொருளாலேயே வாசிக்க இயலும்' என எமக்குள் ஒரு முடிபு செய்துகொண்டு, இரண்டாம் இறுவட்டை இட்டோம். வின்டோஸ் 98, 2000, எக்ஸ்பீ ஆகியவற்றிற்கு உரியதென அதன் உறையில் அச்சிட்டிருந்தது. ஏழுக்கு உரியதென எங்கும் இல்லை. நிறுவத் தொடங்கியதும், இச்செய்நிரல் இம்முறைமையோடு ஒத்தியங்காமற் போகலாம் என ஓர் அறிவித்தல் தோன்றியது. 'தொடர்க' எனும் பொருள்பட்ட பொத்தானை அழுத்தினோம். பின்னர், இதனோடு வரும் விசைப்பலகைச் செலுத்தியின் உற்பத்தியாளரைச் சரிபார்க்க இயலவில்லை எனச் செந்நிறத்தில் மற்றோர் எச்சரிக்கை தோன்றியது. அதனையும் மீறினோம். கணினியை மீளத் தொடக்குமாறு கேட்டது, தொடக்கினோம்.

வழமையான இலச்சினை தோன்றியது. அடுத்த கணத்திலே நீலத்திரையொன்று மின்னி மறைந்தது. திரை இருண்டது. கணினி தானாகவே மீண்டுந் தொடங்கியது. மீண்டும் இலச்சினை, மீண்டும் நீலத்திரை, மீண்டும் இருள். செக்குமாடு போல அது சுற்றிய வண்ணமே இருந்தது. மின்னை நிறுத்தி அரைமணி ஆறவிட்டும் பார்த்தோம், பயனில்லை.

ஐயாவின் இறுவட்டு கையில் உள்ளதே எனும் ஆறுதலோடு வீடு சென்று, மறுநாட் காலை அயலவர் ஒருவரின் மடிக்கணினியில் அதனை இட்டோம். அது வாசிக்கப்படவில்லை. துடைத்து இட்டோம், வேறொரு கணினியிலும் இட்டோம். வீட்டிற் பதிவுசெய்யப்படும் இறுவட்டுக்களில் தகவலைத் தாங்குவது சாயப் படலமொன்று. வெப்பமும் ஒளியும் ஈரமும் ஆண்டுகள் செல்ல அதனை அழிக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெட்டியிற் கிடந்த அவ்விறுவட்டு, இறுதியாக ஒருமுறை தன் கடமையைச் செய்துவிட்டுக் கண்மூடியிருந்தது. ஐயாவின் எழுத்துக்கு உலகில் எஞ்சிய ஒரே பிரதி, தொடங்க மறுக்கும் கணினியின் வன்தட்டில் இருந்தது. அதனோடு, பத்தாண்டுகளாக எம் மாணாக்கர் தமிழ்த்தினப் போட்டிகளுக்கு எழுதிய கட்டுரைகளும் கவிதைகளும், பாடசாலையின் புள்ளிப் பதிவுகளும் அதிலேயே இருந்தன. எவற்றிற்கும் வேறு பிரதி எடுத்து வைத்திலோம்.

கணினி திருத்துவோர் ஒருவரிடம் தொலைபேசியில் முறையிட்டோம். 'கொண்டு வாருங்கள், தட்டை முற்றாக அழித்துப் புதிதாக வின்டோஸ் போட்டுத் தருகிறேன், மாலைக்குள் முடிந்துவிடும்' என்றார். 'உள்ளே இருப்பவை?' என வினவினோம். 'அவை போகும்' என்றார். நோயாளியைக் கொன்றேனும் நோயைத் தீர்க்கும் மருத்துவமாக அது எமக்குத் தோன்றியது. கணினியை வீட்டுக்கே கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் அதனை வெறுமனே நோக்கியிருந்தோம்.

மூன்றாம் நாள், எம்மிடந் தமிழ் கற்றுப் பின்னர் தகவல் தொழினுட்பம் பயிலும் முஸ்லிம் மாணவி ஒருத்தி, விடுமுறையில் ஊர் வந்தவள், தன் தந்தையாருடன் எம்மைக் காண வந்தாள். மேசைமேல் இருந்த கணினியைக் கண்டு காரணம் வினவினாள். கூறினோம்.

"சேர், நிற்பதற்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள்?"

"பழைய மென்பொருளொன்றைப் போட்டேன், மகள்."

"எச்சரிக்கை ஏதாவது காட்டியதா, சேர்?"

"காட்டியது. இரண்டு முறை."

"வாசித்தீர்களா?"

யாம் விடையிறுக்கவில்லை. வினாவை இருமுறை வாசியாமல் விடையெழுதத் தொடங்காதே என அவளுக்கு ஆறாம் வகுப்பு முதற் கூறி வந்தவர் யாமே. அவளும் அதனை நினைவுகூர்ந்திருத்தல் வேண்டும். ஆயினும் முகத்திற் காட்டிக்கொள்ளவில்லை. அப்பண்பு பாடநூலாற் கற்பிக்கத் தக்கதன்று.

"வன்தட்டு பழுதாகவில்லை, சேர். வீட்டுக்குள் பொருளெல்லாம் அப்படியே இருக்கிறது. வாசற்கதவு தான் இறுகி நிற்கிறது. கதவு திறக்கவில்லை என்று வீட்டை இடிக்கத் தேவையில்லை" என்றாள். இரண்டு நாளாக எம்மை விட்டகன்ற உறக்கம் அன்றிரவு திரும்பியதற்கு இவ்வொரு வாக்கே காரணம்.

மறுநாட் காலை அவள் இரண்டு பென் டிரைவ்களோடு வந்தாள். கதவைத் திறக்க முயலுமுன், பலகணி வழியே பொருளை வெளியே எடுத்துவிடவேண்டும் என்பது அவளது முதல் விதி. ஒன்றிலே லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமை இருந்தது. பின்லாந்து நாட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராயிருந்த காலத்தில், 1991 இல், தொடங்கி உலகுக்கு இலவசமாக அளித்தது அது. வன்தட்டில் எதனையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே கணினியை இயங்கச்செய்ய அது வல்லது. நீலத்திரையின்றிக் கணினி எழுந்தது. வன்தட்டின் கோப்புறைகள் திரையில் விரிந்தன. ஐயாவின் கோப்பு, மாணாக்கர் ஆக்கங்கள், புள்ளிப் பதிவுகள் யாவும் மற்றைய பென் டிரைவுக்குப் பெயர்க்கப்பட்டன. அதன் பிறகே அவள் கதவைத் தொட்டாள்.

வின்டோஸ் 7 தொடங்கும் வேளையில் எஃப் 8 எனும் சாவியைத் தட்டினால், தொடக்க வழிகளின் பட்டியல் ஒன்று தோன்றும். அதிலுள்ள 'சேவ் மோட்' என்பது, இன்றியமையாத செலுத்திகளை மாத்திரம் ஏற்றிக்கொண்டு எழும் பாதுகாப்பு முறை. பெரும்பாலான கோளாறுகளுக்கு அதுவே போதும். ஆனால் எம் கணினி அதிலும் எழவில்லை. மிக முன்னதாகவே ஏற்றப்படுஞ் செலுத்திகள் சிலவற்றை அம்முறையும் விலக்குவதில்லை என விளக்கினாள். எம் உள்ளம் மீண்டுஞ் சோர்ந்தது.

அப்பட்டியலிலே இன்னொரு வழி இருந்தது: 'லாஸ்ட் நோன் குட் கொன்பிகறேஷன்'. இறுதியாக நன்கியங்கிய அமைப்பு எனத் தமிழிற் கூறலாம். பயனர் ஒருவர் வெற்றிகரமாக உள்நுழையும் ஒவ்வொரு முறையும், எத்தகைய அமைப்போடு தான் எழுந்ததோ அதனைக் கணினி குறித்து வைத்துக்கொள்கின்றது. பழைய மென்பொருளை நிறுவிய பின்னர் ஒருமுறையேனும் யாம் உள்நுழைந்திருந்தால், கெட்ட அமைப்பே நல்லதெனக் குறிக்கப்பட்டிருக்கும். நுழைய இயலாமற் போனதே எமக்கு வாய்ப்பாயிற்று. பழைய நற்குறிப்பு அழியாதிருந்தது. அவள் அவ்வழியைத் தெரிவுசெய்தாள். இலச்சினை தோன்றியது. யாம் நீலத்திரையை எதிர்நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டோம். கணினி எழும்போது வழமையாக எழுப்பும் ஒலி கேட்டது.

இங்ஙனம் மீண்டது அமைப்பு மாத்திரமே. பொருந்தாச் செய்நிரலின் கோப்புக்கள் தட்டிலேயே கிடந்தன. அவற்றைக் கட்டுப்பாட்டுப் பலகம் வழியே முறையாக அகற்றி, மீண்டும் ஒருமுறை தொடக்கிப் பார்த்த பின்னரே அவள் எழுந்தாள். இக்காலத்து நண்பர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்க: வின்டோஸ் 8 முதலாக இவ்வழி பட்டியலில் இல்லை. எஃப் 8 சாவியும் வழமைபோல் வினைசெய்யாது. தொடக்கம் அடுத்தடுத்துத் தவறுமாயின் மீட்புத் திரை தானே தோன்றும். அங்கே பாதுகாப்பு முறையும், முன்னைய நாளொன்றின் அமைப்புக்கு மீளும் வழியும் உள்ளன.

ஒரு சிறு மென்பொருள் முழுக் கணினியையும் ஏன் வீழ்த்தியது என வினவினோம். கடிதம் எழுதவுங் கணக்குப் போடவும் உதவும் செய்நிரல்கள், விருந்தினர்போல முன்றிலில் இருந்து செயற்படுவன. அவை தவறினால் அவை மட்டுமே வீழும். செலுத்தியோ சாதனத்தோடு நேரே பேசுவது. முறைமையின் கருவறைக்குள் நுழையும் உரிமை பெற்றது. அங்கே அது இடறினால், மேலுந் தீங்கு நேராதபடி முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நீலத்திரை என்பது அந்நிறுத்தமே. 2001 இல் வந்த எக்ஸ்பீக்கு அமைந்த செலுத்தி, 2009 இல் வந்த முறைமையின் கருவறை ஒழுங்கை அறியாது. பழையது என்பதாற் பிழையன்று. பொருந்தா இடத்தில், பொருந்தா உரிமையோடு புகுந்தது என்பதே பிழை.

பின்னர் ஐயாவின் கோப்பைத் திறந்து காட்டினோம். அதே ஆங்கிலக் குவியல். அவள் வரிகளை நோக்காமல், திரையின் மேற்புறத்தே எழுத்துருவின் பெயரைக் காட்டும் சிறு கட்டத்தை நோக்கினாள். "சேர், இதோ பெயரே இருக்கிறதே" என்றாள். 'பாமினி' என ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது முதல் நாளிலிருந்தே அங்கு இருந்தது, யாம் காணவில்லை. தட்டெழுதுவதற்கே அந்த மென்பொருள் தேவை; வாசிப்பதற்கு எழுத்துரு ஒன்றே போதும். எழுத்துருக் கோப்புக்குச் செலுத்தியுமில்லை, கருவறை உரிமையுமில்லை. அவள் தன்னிடமிருந்த பாமினியை நிறுவினாள். அதற்கு ஒரு நிமிடமுஞ் செல்லவில்லை.

திரை முழுதுந் தமிழாயிற்று. இடையில் ஐயா ஆங்கிலத்தில் விட்ட சொற்கள் தமிழ் வடிவமேற்று வேடிக்கை காட்டின; தேநீரைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் 'வநய' என நின்றது. இருவரும் சிரித்தோம். பின்னர் 1998 எனும் எண்ணைத் தேடிச் சென்று வாசித்தோம். சிரிப்பு நின்றது.

அவ்வாண்டிலே எந்தையார் நோயுற்றமையால் விடுதிக் கட்டணம் மூன்று மாதம் நிலுவையாயிற்று. படிப்பை நிறுத்திக் கடையொன்றில் வேலைக்குச் செல்ல முடிவுசெய்து, யாம் ஊர் திரும்பியிருந்தோம். இரண்டாம் வாரம் ஐயா எம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். 'விடுதிக் கணக்குத் தீர்ந்தது. திங்கட்கிழமை வகுப்புக்கு வா' என்றார். எம் அன்னையார் அளித்த தேநீரை நின்றபடியே அருந்திவிட்டுச் சென்றார். பணம் அவருடையதே என ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக யாம் நம்பியிருந்தோம். அவர் வாழ்ந்த காலத்தில் ஒருமுறை நன்றி கூற முயன்றபோது, கையசைத்துத் தடுத்துவிட்டார். அது அடக்கம் என எண்ணினோம்.

அக்குறிப்பிலே அவர் எழுதியிருப்பதன் சாரம் இது. விடுதி மாணவன் ஒருவன் வராமையைக் கண்ட அவன் வகுப்புத் தோழர் நால்வர், ஆண்டிறுதிச் சுற்றுலாவுக்கென்று தாம் சேர்த்த பணத்தை ஓர் உறையில் இட்டு அவரிடங் கொடுத்தனர். அவனுக்குத் தம் பெயர் தெரியலாகாது என உறுதி பெற்றுக்கொண்டனர். குறைந்த சிறு தொகையை மாத்திரமே தாம் சேர்த்ததாக அவர் எழுதுகின்றார். சுற்றுலா நாளன்று அந்நால்வரும் காய்ச்சல் எனக் கூறி வாரா நின்றதையும், தாம் அப்பொய்யைக் குறித்து வினவாமல் விட்டதையும் எழுதுகின்றார். அம்மாணவன் பெயரும் அங்கில்லை; நால்வர் பெயரும் இல்லை. வாக்குத் தந்தவர், தனியே தட்டெழுதிய பக்கத்திலும் அவ்வாக்கைக் காத்தார்.

அம்மாணவி எழுந்து தண்ணீர் கேட்டு உட்சென்றாள். அவளுக்குத் தாகம் இல்லை என்பதை யாம் அறிவோம்.

குறிப்பை யூனிகோட் எனும் ஒருங்குறிக்கு மாற்றும் பணி பின்னர் தொடங்கியது. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் அளிக்கப்பட்டது. ஆயினும் அது வழக்கில் நிலைபெற நெடுங்காலஞ் சென்றது. இடைக்காலத்திலே ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தமையால், ஓரூரில் எழுதியதை மறுவூரில் வாசிக்க இயலாத நிலை நிலவியது. 1999 இற் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு விசைப்பலகை ஒன்றையுங் குறியீடுகளையும் தரப்படுத்தியது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. இலங்கையும் ஒருங்குறியைத் தழுவித் தன் தரத்தை வகுத்தது. இன்று ஒருங்குறியில் எழுதும் ஒரு வரி, கலேவெலவிலும் கனடாவிலும் ஒரே வரியாகவே நிற்கின்றது.

மாற்றுதல் எளிதன்று. பாமினியிலே கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே குறிகள் பதிகின்றன. 'கெ' என எழுத ஒற்றைக் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் வரும். ஒருங்குறியிலோ ஒலி ஒழுங்கு. ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். 'கொ' என்பது பாமினியில் மூன்று துண்டு. ஒருங்குறியில் மெய்யும் உயிருமாக இரண்டே. நன்னூல் படித்தோர்க்கு ஒருங்குறியின் முறையே உவப்பாகும்; மெய்யின்மேல் உயிர் ஏறுவதன்றோ உயிர்மெய்? இப்பெயர்ப்பை இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றிகள் நொடியிற் செய்கின்றன. எனினும் 'வநய' போன்ற இடங்களைக் கண்ணாலே தேடித் திருத்தவேண்டும். ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்புநோக்கி, ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதிய முன்னோர் முறையிலேயே நான்கு நாளில் முடித்தோம்.

மாத்தளைக்கு அணித்தேயுள்ள அலுவிகாரையிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பெற்றன என இந்நாட்டு வரலாறு கூறும். மனனஞ் செய்த துறவியர் பஞ்சத்தாலும் போராலும் மறைந்துவிடுவரோ எனும் அச்சமே அதற்குக் காரணம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றினர். செல்லரித்த ஏடுகள் ஒவ்வொன்றாக ஒடிந்து உதிர்வதைக் கண்டு அவர் பட்ட துயர் நாமறிந்ததே. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, மறுபிரதியில்லாச் சுவடிகளும் சாம்பராயின. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவிற் காத்து வரும் நூலகத் திட்டம் அவ்விழப்பு உணர்த்திய பாடத்தின் பயன் எனலாம். வாயிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் எழுத்து இடம்பெயர்ந்து வந்துள்ளது. உரிய காலத்திற் பெயர்க்கப்பட்டவை எஞ்சின, ஏனையவை அழிந்தன.

ஆதலால் பழைய மாணவ நண்பர்களை வேண்டுவது இது. உங்கள் அலமாரிகளில் நெகிழ்வட்டும் இறுவட்டும் கிடப்பின், அவற்றில் நம் கல்லூரியைப் பற்றி ஒரு பக்கமேனும் இருக்கக்கூடுமாயின், இன்றே எடுத்துப் பாருங்கள். முதலிற் பிரதி எடுங்கள், பின்னரே திறவுங்கள். வாசிக்க இயலாவிடின் எழுத்துருவின் பெயரைத் தேடுங்கள்; பழைய மென்பொருளை நிறுவ விரையாதீர்கள். ஒருங்குறிக்கு மாற்றி, மூன்றிடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். சங்கத்தார் இதற்கெனச் சிறு குழுவொன்றை அமைப்பாராயின், தமிழை ஒப்புநோக்கும் பணியை யாம் மகிழ்வோடு ஏற்போம். மாணவச் செல்வர்களுக்கு ஒரு சொல்: திரையிற் தோன்றும் எச்சரிக்கையும் ஒரு வினாவே, இருமுறை வாசியுங்கள்.

ஐயாவின் நினைவுக் குறிப்பு முழுவதையும் அவர் மைந்தரின் இசைவோடு சங்கத்தாரிடம் ஒப்படைத்துள்ளோம்.

இறுதியாக, எழுதவேண்டிய கடப்பாடு என மேலே குறித்தது. 1998 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பிலிருந்து சுற்றுலாவுக்குச் செல்லாது காய்ச்சலென்று விடுதியிற் கிடந்த நால்வரும் இம்மலரை வாசிப்பீர்களாயின், நீவிர் யாரென வெளிப்படவேண்டியதில்லை. அவ்வாக்கை ஐயா காத்தார், யாமுங் காப்போம். அம்மாணவன் ஆசிரியனானான் என்பதையும், விடுதிக் கணக்குத் தீர்ந்த செய்தியை இத்தனை ஆண்டு கழித்தேனும் அறிந்துகொண்டான் என்பதையும் மாத்திரம் அறிந்துகொள்ளுங்கள். கலேவெல வழியாகத் திருகோணமலைக்கோ தம்புள்ளைக்கோ பயணஞ் செய்யும்போது இறங்குங்கள். சுற்றிக்காட்டும் பொறுப்பு எம்முடையது.

நம் கல்லூரி நீடு வாழ்க.